ஒப்பந்தத்தில் என் பெயர் மட்டும்தான் இருந்தது

மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை, வெளிநாட்டில் எனக்கு ஆசிரியை வேலை தந்திருந்த சர்வதேசப் பள்ளியிலிருந்து அந்த மின்னஞ்சல் வந்தது. 12 வயது மகளுக்கு இடம் உறுதி. 6 வயது மகனுக்கு மட்டும் “நேரில் வந்தபின் மதிப்பீடு செய்து முடிவெடுப்போம்” என்று ஒரே ஒரு வரி. அதற்குள் நான் வேலையை விட்டாயிற்று, என் கணவரும் விட்டாயிற்று. வீட்டைக் காலி செய்வதாக உரிமையாளரிடம் சொல்லியாயிற்று. நான்கு பேருக்கும் விமான டிக்கெட்டைப் பள்ளியே எடுத்து அனுப்பியிருந்தது.

ஒப்பந்தத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். “இரண்டு குழந்தைகளுக்குக் கல்விக் கட்டணம் இல்லை” என்ற வரி பிப்ரவரியில் கையெழுத்துப் போட்டபோதே மனதில் நின்றிருந்தது. அதை ஒட்டி “சேர்க்கை விதிகளுக்கு உட்பட்டு” என்று இருந்ததை அன்றுதான் பார்த்தேன். அந்த ஆறு பக்கங்களில் என் பாடம், என் வகுப்புகள், என் விடுமுறை எல்லாம் விவரமாக இருந்தன. என்னோடு வரப்போகிற மூன்று பேரைப் பற்றி மொத்தமே நாலு வரி. அந்த நாலு வரியால்தான் எங்கள் முதல் இரண்டு வருடமும் அவ்வளவு சிரமமாயின. குடும்பத்தோடு சர்வதேசப் பள்ளி வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு நான் சொல்ல நினைப்பதெல்லாம் அந்த நாலு வரியைச் சுற்றித்தான்.

முதலில் இந்த உலகத்தைப் பற்றிக் கொஞ்சம். 1924இல் ஜெனீவாவில், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்திலும் சர்வதேசத் தொழிலாளர் அலுவலகத்திலும் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார்கள். ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) என்று நாம் சொல்லும் பாடத்திட்ட அமைப்பும் 1968இல் அதே ஊரில்தான் பிறந்தது. ஊர் ஊராக மாறும் குடும்பத்துப் பிள்ளைக்குப் படிப்பு அறுந்துவிடக் கூடாது என்பதுதான் அன்றைய எண்ணம். இன்று பல ஊர்களில் இந்தப் பள்ளிகளில் படிப்பவர்களில் பெரும்பாலோர் அந்தந்த நாட்டுப் பிள்ளைகள். பெற்றோர் குழு நடத்தும் பள்ளியும் உண்டு, முதலாளி நடத்தும் லாப நோக்குப் பள்ளியும் உண்டு. பெயர்ப் பலகையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் விண்ணப்பிக்கும் முன் பள்ளியை யார் நடத்துகிறார்கள் என்று பாருங்கள். பள்ளிகளின் தரத்தைச் சோதிக்கும் சிஐஎஸ், வாஸ்க், நியாஸ்க் போன்ற அமைப்பு ஏதாவது அங்கீகாரம் தந்திருக்கிறதா என்று பாருங்கள். ஐபி பள்ளி என்றால் முழு அனுமதி பெற்றதா, இன்னும் ‘கேண்டிடேட்’ நிலையில் இருக்கிறதா என்பதை ஐபி இணையதளத்தில் பள்ளியின் பெயரைப் போட்டுத் தேடினாலே தெரிந்துவிடும்.

ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும் பள்ளிகள் முந்தைய வருடம் அக்டோபர், நவம்பரிலேயே ஆள் தேடத் தொடங்கிவிடும். அந்தச் சமயத்தில்தான் இருக்கிற ஆசிரியர்களிடம் ‘அடுத்த வருடம் தொடர்கிறீர்களா’ என்று எழுதி வாங்குவார்கள். ஜனவரி, பிப்ரவரியில் ஆள் எடுக்கும் முகாம்கள் நடக்கும். வீடியோ இன்டர்வியூவிலேயே முடிந்துபோகும் வேலைகளும் நிறைய. ஏப்ரலுக்குப் பிறகும் வேலை கிடைக்கும், ஆனால் குடும்பஸ்தர்களுக்கு அது சிரமம். பிள்ளைகளின் வகுப்பில் இடம் மிச்சம் இருக்காது. இன்னொன்று, இப்போது வேலை பார்க்கும் பள்ளியின் முதல்வரிடம் மறைத்து இந்தத் தேடலை நடத்த முடியாது. நேரடி மேலதிகாரியின் ரெஃபரன்ஸ் இல்லாமல் நல்ல பள்ளி எதுவும் எடுக்காது. குழந்தைப் பாதுகாப்பு குறித்து அவரிடமே தொலைபேசியில் கேட்பார்கள், இதுவரை வசித்த எல்லா நாட்டுக் காவல்துறைச் சான்றிதழும் கேட்பார்கள். அப்படிக் கேட்கிற பள்ளியிடம்தான் என் பிள்ளைகளையும் நம்பி விட முடியும் என்று எனக்குப் பட்டது.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கணவன், மனைவி இருவருமே ஆசிரியர்கள் என்றால் பள்ளிகளுக்குக் கொள்ளை ஆசை. ஒரு வீடு கொடுத்தால் இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் மட்டும் ஆசிரியர், கூடவே வேலையில்லாத துணை, இரண்டு பிள்ளைகள் என்றால் ஒரே ஆசிரியருக்கு நான்கு டிக்கெட், நான்கு மருத்துவக் காப்பீடு, இரண்டு வகுப்பிடம். சில பள்ளிகள் இதை விளம்பரத்திலேயே சொல்லிவிடும், சில சொல்லாமல் பதில் போடாமல் விட்டுவிடும். நான் கணித ஆசிரியை, கணவர் கணக்காளர். எனக்கு வந்த மறுப்புகளில் பாதிக்கு என் கணிதம் காரணமில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது ஒவ்வொரு மறுப்புக்கும் மனம் சோர்ந்துபோனேன்.

காகித வேலை எல்லாருக்கும் தெரிந்தது என்று நினைப்போம். என் பட்டம், பி.எட். சான்றிதழ், அனுபவச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் அத்தாட்சி வாங்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. திருமணச் சான்றிதழுக்கும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களுக்கும் அதே அத்தாட்சி வேண்டும் என்பது தாமதமாகத்தான் தெரிந்தது. மகனின் பிறப்புச் சான்றிதழில் என் பெயரில் ஒரு எழுத்து வேறாக இருந்தது. அதைத் திருத்தி வாங்க ஐந்து வாரம் ஆயிற்று. 1961ஆம் வருட ஹேக் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகளுக்கு ‘அப்போஸ்டில்’ முத்திரை ஒன்று போதும். அதில் இல்லாத நாடு என்றால் அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும். பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். சீனாவில் 2023 நவம்பரில்தான் இந்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. போன வருடம் போன நண்பர் சொன்ன வழிமுறை இந்த வருடம் செல்லாமல் போகலாம். வேலை கிடைக்கும் முன்பே எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் சான்றிதழ்களையும் ஒரு மேஜையில் பரப்பி வைத்து, பெயர்களை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

ஆகஸ்டில் போய் இறங்கினோம். சனிக்கிழமை இரவு வந்து சேர்ந்தோம், திங்கட்கிழமை காலை 7 மணிக்குப் புது ஆசிரியர்களுக்கான பயிற்சிக்கு என்னை அழைத்துப்போக பஸ் வந்து நின்றது. எனக்கு அங்கே அடையாள அட்டை, மடிக்கணினி, பேச ஆட்கள், மதியச் சாப்பாடு எல்லாம் கிடைத்தன. வீட்டில் கணவரும் இரண்டு பிள்ளைகளும் இணைய இணைப்பு இல்லாமல், தெரு பெயரைக்கூட வாசிக்கத் தெரியாமல், திரைச்சீலை இல்லாத ஹாலில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் நான் உற்சாகமாகக் கதவைத் திறந்து உள்ளே வந்தால் மூன்று முகங்களும் வாடியிருந்தன. அந்த முதல் வாரத்தில் எங்கள் நான்கு பேரில் புது நாட்டுக்கு வந்து சேர்ந்தவள் நான் ஒருத்திதான். பயிற்சிக்கு ஐந்து நாள் முன்னதாகவே டிக்கெட் போடச் சொல்லிப் பள்ளியிடம் கேளுங்கள். சில பள்ளிகள் சம்மதிக்கும். அந்த ஐந்து நாளில் நான்கு பேரும் சேர்ந்து பக்கத்துக் கடை எங்கே, பூங்கா எங்கே, பஸ் எங்கே நிற்கும் என்று நடந்து பார்த்துவிட்டால் திங்கட்கிழமை அவ்வளவு கனக்காது.

கணவருடைய விஷயம்தான் எனக்கு இன்றும் வலிக்கிறது. அவர் வந்தது சார்ந்தோர் விசாவில். அந்த நாட்டில் அந்த விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. அது எங்களுக்கு முன்பே தெரியும், சேமிப்பைக் கணக்குப் போட்டுத்தான் கிளம்பினோம். தெரியாதது வேறு. மூன்றாவது வாரம் அவர் வங்கிக் கணக்குத் திறக்கப் போனார். கோப்பு நிறையக் காகிதம் எடுத்துப் போயிருந்தார். கவுன்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னாராம், அவர் விசாவுக்கு ஸ்பான்சரான நான் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று. வீட்டுக்கு வந்து கோப்பை மேஜைமேல் வைத்தார்.

“என்னங்க ஆச்சு?” என்றேன்.

“இருபது வருஷமா அடுத்தவங்க கணக்கைப் பார்த்தவன் நான். இங்க என் பேர்ல ஒரு கணக்கு இல்ல” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு எழுந்துபோய் மகனுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

வீட்டு வாடகை ஒப்பந்தம், மின்சாரம், தொலைபேசி எல்லாம் என் பெயரில். கடையில் அவர் பணம் செலுத்தினால் ஓடிபி என் போனுக்கு வரும். நான் வகுப்பில் இருப்பேன், போன் அலமாரியில் இருக்கும், அவர் கடையில் காத்து நிற்பார். ஒரு மனிதரின் தன்மதிப்பு இப்படிச் சின்னச் சின்ன இடங்களில் அடிபடுவதை நான் அருகிலிருந்து பார்த்தேன். அதனால் துணைவரைப் பற்றிப் பள்ளியிடம் இவ்வளவையும் கேளுங்கள்: இந்த விசாவில் வேலை பார்க்கலாமா, தனியாக அனுமதி வாங்க முடியுமா, வாங்க எவ்வளவு நாள் ஆகும், வங்கிக் கணக்கும் சிம் கார்டும் அவர் பெயரில் கிடைக்குமா, ஓட்டுநர் உரிமம் எடுக்க முடியுமா. ‘வந்த பிறகு பள்ளியிலேயே ஏதாவது வேலை பார்த்துக்கொள்ளலாம்’ என்று யாராவது வாயால் சொன்னால் அதை நம்பி வேலையை விடாதீர்கள். பகுதி நேர மாற்று ஆசிரியர் வேலைக்கும் முறையான அனுமதி வேண்டும். அது இல்லாமல் பார்த்தால் மாட்டிக்கொள்வது பள்ளி மட்டும் அல்ல, நீங்களும்தான். ஏற்கெனவே அங்கே இருக்கும் ஆசிரியர் ஒருவரின் மின்னஞ்சல் முகவரியைப் பள்ளியிடமே கேட்டு வாங்குங்கள். வாங்கிய பிறகு அந்த ஆசிரியருக்கு எழுதாமல், அவருடைய கணவருக்கோ மனைவிக்கோ எழுதுங்கள். நமக்கு வேண்டிய பதில் அவர்களிடம்தான் இருக்கிறது.

இனி மகன். வந்த முதல் வாரமே மதிப்பீடு. அவன் பேச்சிலும் எண்ணிலும் சுட்டி, எழுத்தைக் கண்டால் மட்டும் திணறுவான். பழைய பள்ளியின் அறிக்கையில் ‘வாசிப்பு மெதுவாக வருகிறது’ என்று ஆசிரியை எழுதியிருந்தார், நாங்கள் வளர வளரச் சரியாகிவிடும் என்று விட்டிருந்தோம். மதிப்பீடு நடந்த அறைக்கு வெளியே நான் காத்திருந்தேன். கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி. உள்ளே அவன் ஒரு அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தான், விரல் முதல் எழுத்திலேயே நின்றது. அப்புறம் மெதுவாக நாற்காலியிலிருந்து வழுக்கி மேஜைக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டான். அவனை வெளியே வரச் சொல்லி அதட்டாமல், அந்த ஆசிரியை தானும் தரையில் உட்கார்ந்து அவனோடு பேசினார். அவரை நான் மறக்க மாட்டேன்.

பள்ளியின் முடிவு இரண்டு நாளில் வந்தது. சேர்த்துக்கொள்கிறோம், ஆனால் வகுப்பில் அவனுக்கென்று தனியாக ஒரு உதவியாளர் வேண்டும், அவருடைய சம்பளத்தை நீங்கள்தான் தர வேண்டும். கல்விக் கட்டணம் இல்லை என்ற சலுகையில் ‘லேர்னிங் சப்போர்ட்’ கட்டணம் சேராது. என் சம்பளத்தில் பெரும் பங்கு அதற்குப் போயிற்று. திரும்பிப் போக வீடு இல்லை, வேலை இல்லை. ஒப்புக்கொண்டோம்.

பள்ளிமேல் எனக்குக் கோபம் வந்தது நிஜம். ஆனால் அறிக்கையை ஏப்ரலில் அனுப்பியது நான், பிப்ரவரியிலேயே அனுப்பியிருக்கலாம். வாசிப்புச் சிரமத்தைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம் உள்ளுக்குள் இருந்தது. நிறையப் பெற்றோர்களுக்கு அந்தப் பயம் இருக்கிறது, எனக்குப் புரிகிறது. ஆனாலும் சொல்கிறேன், கையெழுத்துப் போடும் முன் எல்லா அறிக்கையையும் கொடுத்துவிடுங்கள். உண்மை தெரிந்தபின் ஒரு பள்ளி வேலை தர மறுத்தால், உங்கள் குழந்தை அங்கே எப்படி நடத்தப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கேட்டு எழுத்தில் வாங்க வேண்டியவை இவை: குழந்தையின் இடம் உறுதியா, எந்த வகுப்பில், கூடுதல் உதவிக்குத் தனிக் கட்டணம் உண்டா, பேருந்துக்கும் தேர்வுக்கும் பள்ளிப் பயணங்களுக்கும் யார் பணம் கட்டுவது, கட்டணச் சலுகைக்கு அந்த நாட்டில் வருமான வரி உண்டா. கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. சில நாடுகளில் அந்தச் சலுகையையும் வருமானமாகக் கணக்கில் எடுத்து வரி பிடிப்பார்கள்.

8 வயதில் அவனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு, என்று முறையாகக் கண்டறிந்தார்கள். அதற்குள் காலை நேரமெல்லாம் அவன் அப்பாவோடுதான். மணலில் எழுத்து, சுவரில் எழுத்து, ஒரு பக்கம் அவர் ஒரு பக்கம் அவன் என்று வாசிப்பு. வேலை இல்லாத அந்த இரண்டு வருடத்தில் என் கணவர் செய்தது அது. எந்த விசாவிலும் அதற்கு இடம் இல்லை.

மகளுக்கு வேறு மாதிரிச் சிரமம். அதே பள்ளியில் அம்மா ஆசிரியை. இரண்டாவது நாளே சொல்லிவிட்டாள், “அம்மா, காரிடார்ல பார்த்தா என்னைக் கூப்பிடாத. நானும் மிஸ்ஸுன்னுதான் சொல்வேன்.” நாங்கள் ஒரு ஏற்பாடு வைத்துக்கொண்டோம். அவளைப் பற்றி ஆசிரியர் அறையில் யார் பேச்செடுத்தாலும் “வீட்டில் அவள் அப்பாவிடம் பேசுங்கள்” என்பேன். பெற்றோர் சந்திப்புக்குக் கணவர் மட்டும் போவார். அவள் மதிப்பெண்ணை என் கணினியில் பார்க்க முடியும் என்றாலும் பார்க்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன், காப்பாற்றினேன். ஒவ்வொரு ஜூனிலும் அவளுடைய தோழிகளில் யாராவது ஒருத்தி வேறு நாட்டுக்குப் போவாள். இப்படி வளரும் பிள்ளைகளுக்கு 1950களிலேயே ரூத் யூசீம் என்ற சமூகவியலாளர் ‘மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள்’ என்று பெயர் வைத்தார். பெயர் தெரிந்திருப்பதால் ஜூன் மாத இரவுகளின் அழுகை குறைவதில்லை, அழும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கத்தான் முடியும்.

எங்கள் ஒப்பந்தம் முதலில் இரண்டு வருடம், பிறகு வருடா வருடம் புதுப்பிப்பு. மூன்றாம் வருட முடிவில் வேறு நாட்டிலிருந்து இன்னும் நல்ல வேலை ஒன்று வந்தது. மகள் அப்போது, நம் ஊர்ப் பத்தாம் வகுப்புத் தேர்வு போன்ற ஐஜிசிஎஸ்இ படிப்பின் நடுவில் இருந்தாள். அது இரண்டு வருடப் படிப்பு, அதற்கடுத்த ஐபி டிப்ளமாவும் இரண்டு வருடம். இந்த இரண்டில் எதன் நடுவிலும் பிள்ளையைப் பிடுங்கி வேறு பள்ளியில் நடாதீர்கள். பாடத் தேர்வு பொருந்தாது, பாதி முடித்த ப்ராஜெக்டுகள் வீணாகும். அந்தப் புது வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, இருந்த பள்ளியிலேயே ஒரு வருடம் கூடுதலாக இருந்தோம். வேலை தேடும் முன் பிள்ளைகளின் வயதை ஒரு தாளில் வருடவாரியாக எழுதி, எந்த ஆகஸ்டில் நகரலாம், எதில் கூடாது என்று குறித்துக்கொள்ளுங்கள். பல நாடுகளில் பிள்ளைக்கு 18 ஆனதும் சார்ந்தோர் விசாவில் சிக்கல் வரும், அதையும் அதே தாளில் எழுதுங்கள். தாய்மொழி விட்டுப்போகுமே என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு தகவல்: ஐபி டிப்ளமாவில், பள்ளியில் ஆசிரியர் இல்லாத மொழியின் இலக்கியத்தைப் பள்ளியின் துணையோடு மாணவர் தானாகப் படிக்கும் வழி உண்டு, ஸ்டாண்டர்ட் லெவல் என்ற சாதாரண நிலையில் மட்டும். பள்ளி சம்மதிக்க வேண்டும், முன்கூட்டியே கேட்க வேண்டும். என் மகள் இப்போது அப்படித்தான் தமிழ் படிக்கிறாள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. முதல் சம்பளம் வரும்வரை ஆறு வாரத்துக்குக் கையில் பணம் வேண்டும். வாடகை முன்பணத்தைப் பள்ளி தருகிறதா, கடனாகத் தந்து பிடிக்கிறதா என்று கேளுங்கள். மொத்தச் சம்பளத்தைப் பார்த்து மயங்காமல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். எடுத்துக்காட்டாக ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி பணிக்கொடை, முதல் 5 வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். கணக்கிடுவது அடிப்படைச் சம்பளத்தில் மட்டும். பல நாடுகளில் வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது, நாமேதான் சேர்த்து வைக்க வேண்டும்.

ஊரிலிருக்கும் பெரியவர்களுக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது என்பதையும் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். இரண்டாம் வருடம் ஒரு பின்னிரவில் மாமனார் தவறிவிட்டார் என்று செய்தி வந்தது. என் ஒப்பந்தத்தில் துக்க விடுப்பு ‘நெருங்கிய குடும்பத்துக்கு’ மட்டும். கணவரின் அப்பா அதில் வரவில்லை. கணவர் கிளம்பலாம் என்றால் அந்த நாட்டில் வெளியே போய்த் திரும்ப மறுநுழைவு அனுமதி வேண்டும், அது எங்களிடம் இல்லை. காலை அலுவலகம் திறக்கும்வரை வாசலில் பெட்டியோடு நின்றார். மறுநாள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த அனுமதியை எப்போதும் கையில் வைத்திருங்கள். ஒரு டிக்கெட்டுக்கான பணத்தைத் தனியாக வைத்து, அதைத் தொடாதீர்கள்.

நாலாம் வருடம் மறுபடி வேலை தேடினேன். இந்த முறை முதல் மின்னஞ்சலிலேயே மகனுடைய மதிப்பீட்டு அறிக்கையை இணைத்தேன், கணவருடைய தொழிலையும் அவர் விசாவைப் பற்றிய கேள்விகளையும் எழுதினேன். ஏழு பள்ளிகளில் நாலு பதிலே போடவில்லை. ஒரு பள்ளியில், என்னை இன்டர்வியூ எடுப்பதற்கு முன்பே, லேர்னிங் சப்போர்ட் தலைவர் மகனோடு வீடியோவில் பேச வேண்டும் என்றார். 10 வயதுக்காரன் தலை சீவிக்கொண்டு கேமரா முன் உட்கார்ந்தான். அவர் ஏதோ கேட்டார், சொன்னான். பிறகு அவன் கேட்டான்: பரீட்சையில் எனக்குக் கூடுதல் நேரம் தருவீர்களா, எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொல்வீர்களா.

கூடுதல் நேரம் தருவோம், நீயாகக் கை தூக்கினால் தவிர வாசிக்கச் சொல்ல மாட்டோம் என்றார் அவர்.

அவன் எங்கள் பக்கம் திரும்பி, “அப்பா, இங்க போலாம்” என்றான்.